கறுப்பு, ஒல்லி, முப்பது வயது

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் வாண்டும் நலம். வாண்டுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். உன் காதுவலி எப்படி இருக்கிறது? காற்றில் தலையை மூடிக்கொண்டு போ என்று நான் சொல்லி நீ கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

போனில் நீ என்னைப் பேசவே விடுவதில்லை. அதனால்தான் கடிதம். ஸ்டுடியோவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பேனா கொண்டுபோகலாம். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு வேலை மாறிவிட்டது. செய்தி வாசிப்பவர்களுக்குப் பவுடர் போட்டது போதும் என்று 'கண்டால் சொல்லுங்கள்' நிகழ்ச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். பிடிபடாத குற்றங்களை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுவார்கள். பார்ப்பவர்கள் "இவனை நான் பார்த்தேன்" என்று போன் செய்ய வேண்டும். குற்றவாளிக்கு மேக்கப் போடுவது என் வேலை. பெரும்பாலும் ஒரே நடிகர்தான். எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம், மாநிறம், தங்கமான மனுஷன். "கொலை, கொள்ளை, கடத்தல் எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்தான் மேடம், எனக்கு ஓய்வே கிடையாது" என்பார். பெர்மனென்ட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம்.

அவருக்கு ஏழாம் நம்பர் பவுண்டேஷன், இருப்பதிலேயே கறுப்பு. அதற்கு மேல் இன்னொரு பூச்சு. விளக்கில் வெளுத்துவிடும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அடிபடுகிற பெண்ணாக நடிப்பவளும் அதே விளக்கில்தான் நிற்கிறாள். அவளுக்கு மட்டும் வெளுக்காது போலிருக்கிறது.

இந்த ஊர்க் கல்லூரியில் ஆராய்ச்சிக்காக நீ வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பின்னறையை உனக்காக ஒழித்து வைத்தாயிற்று. ஒரு வருஷம் முழுக்க என் கண்முன் இருக்கப் போகிறாய்.

உன்னைத் திட்டுவதற்காகவே பிறந்த,
அக்கா


பிப்ரவரி 21

என் அன்பு அக்காவுக்கு,

காதுவலி ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை; இருக்கிற நாளில் இடது காதை அழுத்திக்கொண்டுதான் பேசுகிறேன். மற்றபடி சுகம். வாண்டுவிடம் மாமா வரும்போது பல் வாங்கி வருகிறேன் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். நான் ஆறு வருஷமாக நூலகத்தில் தேடுகிறதை நீ ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்! நம்மை ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் நம்மைப் பார்த்த பார்வை போகவில்லை. அதுதானே நான் வகுப்பில் கத்துகிறது. அவர்கள் காலத்துப் பழைய ஆல்பம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நம் ஆட்களை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல். கீழே பெயர் கிடையாது. 'உழைப்பாளி வகை', 'திருட்டு வகை' என்று எழுதியிருக்கும். படம் எடுக்கும்வரை அந்த மனிதன் ஒன்றும் திருடியிருக்க மாட்டான். அதற்கப்புறம் அவன் எங்கே போனாலும் அந்த வகைதான் முன்னால் போய் நிற்கும்.

யார் யாருக்கு எந்த நம்பர் என்று எனக்கு எழுதிக்கொண்டே இரு. என் ஆராய்ச்சிக்கு நீதான் முதல் சாட்சி. நன்றியுரையில் உன் பெயரைப் பெரிதாகப் போடுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தொல்லை,
தம்பி


மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், சளி மட்டும் எல்லோருக்கும். நீ சாப்பாட்டை விட்டுவிட்டுப் படிக்கிறாயோ என்று கவலையாக இருக்கிறது.

நன்றியுரை இருக்கட்டும், இதைக் கேள். போன வாரம் எடுத்தது ஒரு சலவைக் கடைப் பெண்ணின் கேஸ். வேலை முடிந்து வீட்டு மாடிப்படி ஏறும்போது எவனோ தள்ளிவிட்டுப் பையைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். இடுப்பெலும்பு முறிந்து படுத்துக்கிடக்கிறாள், பாவம். படிக்கட்டில் பல்ப் எரியவில்லை. அவள் பார்த்தது ஒரு முதுகு, அவ்வளவுதான். போலீஸ் கொடுத்த குறிப்பு: கறுப்பு, ஒல்லி, முப்பது வயது. முதுகைப் பார்த்து வயது சொல்லலாம் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

"முகத்தை யாருமே பாக்கலையே சார், நான் என்னத்தைப் போட?" என்றேன்.

"முகம் இல்லாம காட்டினா யாரும்மா போன் பண்ணுவா? ஏதோ ஒரு முகம் போடுங்க" என்றார் தயாரிப்பாளர்.

ஏதோ ஒரு முகம் போட்டேன். மூக்குக்கு மெழுகு, கன்னத்துக்குக் குழிவு, புருவத்தைக் கொஞ்சம் இறக்கி, ஒட்டுத்தாடி. நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. பெர்மனென்ட் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது யாரு மேடம்? உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார். நான் தாடி ஓரத்தை அழுத்தி ஒட்டினேன். ஷூட்டிங் முடிந்து எல்லாவற்றையும் துடைத்தபின் மனுஷன் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தார். "தொடச்சப்புறமும் அந்த ஆளு கண்ணாடியில இருந்தான் மேடம். நான் தலையத் திருப்பினப்புறம்தான் அவன் திருப்பினான்" என்றார். களைப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

ஒளிபரப்பான அன்றைக்கு மற்ற வாரங்களைவிடப் பல மடங்கு போன். தயாரிப்பாளர் எனக்குப் பூங்கொத்து கொடுத்தார்.

ஆமாம், நீ இப்போது தாடி வைத்திருக்கிறாயா? சும்மாதான் கேட்கிறேன். வைத்திருந்தால் எடுத்துவிடு, உனக்குப் பொருந்தாது.

அக்கா


மார்ச் 30

என் அன்பு அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் சளி போயிற்றா?

தாடி விஷயம் உனக்கு யார் சொன்னது? ஒரு மாதமாகத்தான் வைத்திருக்கிறேன், படம்கூட யாருக்கும் அனுப்பவில்லை. கல்லூரியில் எல்லோரும் அறிவாளிக் களை வந்துவிட்டது என்கிறார்கள். எடுக்க மாட்டேன் போ.

யாருமே பார்க்காத முகத்தை நீ செய்தாய், அதை அத்தனை பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அக்கா, இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு! அந்த நிகழ்ச்சியின் வீடியோ கிடைக்குமா? அந்த முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். போன் செய்தவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்றும் எழுது. உடனே எழுது.

தம்பி


மே 18

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் காது எப்படி இருக்கிறது?

வீடியோ வெளியே தர மாட்டார்களாம். போன்கள் இன்னும் நிற்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன், மருந்துக் கடையில் பார்த்தேன், என் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நின்றான் என்று தினமும் யாராவது. ஒரே நேரத்தில் ஊரின் நாலு மூலையிலும் நிற்கிறான். போனில் வருவதை எழுதி வைப்பவள் என்னிடம் வாசித்துக் காட்டினாள். அதில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பேசுவதற்கு முன்னால் இடது காதை அழுத்திக்கொள்கிறானாம். ஒருவர் இல்லை, ஒருவரையொருவர் தெரியாத பல பேர் சொல்லியிருக்கிறார்கள். பெர்மனென்ட் அப்படி நடிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

எதிர்வீட்டு அம்மா நேற்று லிப்டில், "உங்க தம்பி வந்தாச்சு போல, கீழே பார்த்தேனே. சொல்லவே இல்ல!" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "வந்தாச்சும்மா, நான் பார்த்தேன்" என்று அடித்துச் சொல்கிறாள். ஹாலில் மாட்டியிருந்த உன் போட்டோவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

தம்பி, நீ வருவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா? பின்னறைச் சுவர் ஓதம் பிடித்துக் கிடக்கிறது. அத்தானுக்கும் வேலையில் ஏதோ நெருக்கடி. வாண்டுக்கும் பரீட்சை வருகிறது. யோசித்துச் சொல்.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

நான் நலமே. நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

ஓதம், பெயின்ட், நெருக்கடி, பரீட்சை. ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், நாலு சொல்லிவிட்டாய். வாண்டு இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்கு என்ன பரீட்சை?

லீவு வாங்கிவிட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். புத்தகங்களைக் கட்டிப்போட்டுவிட்டுப் பாயில் படுத்திருக்கிறேன். இந்த வாய்ப்பு அடுத்த வருஷம் வராது என்று உனக்கே தெரியும். நான் உன் வீட்டில் இருப்பது உனக்குச் சங்கடமென்றால் நேராகச் சொல். கறுப்பாய், தாடியோடு ஒருத்தன் வந்து படியேறினால் அக்கம்பக்கம் ஒரு மாதிரிப் பார்க்கும் என்று நினைக்கிறாயா? அங்கே போய் நீயும் அப்படி ஆகிவிட்டாயா?

தம்பி


ஜூன் 20

என் கண்ணான தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன்னை அப்படிப் பேச வைத்ததும் நான்தான்.

அது உன் முகம்டா. அந்தப் படிக்கட்டுக்காரனுக்கு நான் போட்டது உன் முகம். ஏதோ ஒரு முகம் போடு என்றார்கள், என் கைக்கு நன்றாகத் தெரிந்தது உன் முகம்தான். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து வளர்த்த முகம். டிவியில் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. பெர்மனென்ட் நடக்கிறார், நீ திரும்பிப் பார்க்கிறாய்.

இப்போது ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். வீடுகளுக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். நேற்று தயாரிப்பாளர் அவருடைய படத்தையும் நான் செய்த முகத்தையும் திரையில் அக்கம்பக்கமாகப் போட்டு, "எப்படிம்மா இவ்வளவு அச்சு அசலா செஞ்சீங்க?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தம்பி, அவர் குட்டை. நல்ல பருமன். முன்வழுக்கை. ஐம்பதை நெருங்கியவர். உனக்கும் அவருக்கும் தோலைத் தவிர ஒரு பொருத்தமும் இல்லை. நான் ஒருத்திதான் அந்த அறையில் அதைப் பார்த்தேன். அந்தச் சலவைக் கடைப் பெண்ணும் இவர்தான் என்று கை காட்டிவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்து, அவர் படம் வந்திருந்த பேப்பரை உன் அத்தானிடம் நீட்டினேன். என்ன சொன்னார் தெரியுமா? "அடடே, அப்படியே உன் தம்பி மாதிரியே இருக்கானே."

உள்ளே போய் உன் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். மூக்கில் மெழுகு வைத்தாற்போலத் தெரிந்தது. அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவருக்கு மூன்று பெண் குழந்தைகளாம். நான் போய் அது என் தம்பி முகம் என்று சொன்னால் அவரை விட்டுவிடுவார்களோ என்னவோ. ஆனால் உன் பெயரைக் கேட்பார்கள். நீ விமானத்தை விட்டு இறங்கும்போது அந்தப் பெயரோடு நிற்பார்கள். நான் என்ன செய்வேன், சொல். நீ வராதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன், வராதே.

அக்கா


ஜூலை 2

அக்கா,

அழாதே. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடி.

நண்பன் ஒருவன் மூலம் வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை ஜன்னலைச் சாத்தினேன். அந்த முகம் திரும்பும்போது என் கை காதுக்குப் போனது, அக்கா. அவன்தான் என் கையைத் தூக்கினான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

நான் இத்தனை வருஷம் வகுப்பில் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? படம் முன்னால் போகும், ஆள் பின்னால் போவான் என்று. பையன்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், பரீட்சையில் எழுதுவார்கள். எனக்கே வந்தபோது என்னால் ஒரு குறிப்புகூட எடுக்க முடியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் என்னைப் பார்க்கவில்லை, அக்கா. ஒவ்வொரு கறுப்பு மனிதன் மேலும் நீ செய்த முகத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். பார்சல்காரர் மேல் அது நன்றாக உட்கார்ந்துவிட்டது.

சொல்லிவிடு. என் பெயரையே சொல். அன்றைக்கு நான் இங்கே வகுப்பில் இருந்தேன், அதற்கு வருகைப் பதிவும் இருக்கிறது, பாஸ்போர்ட்டும் இருக்கிறது. என்னை ஒன்றும் செய்ய முடியாது. அந்த மூன்று பிள்ளைகளை நினை.

தம்பி


ஆகஸ்ட் 6

அக்கா,

வாண்டு சுகமா? அத்தான் சுகமா? நீ?

ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அடித்தால் எடுப்பதும் இல்லை. அப்படியென்றால் நீ சொல்லவில்லை என்று அர்த்தம். உன்மேல் கோபம் இல்லை. எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்.

ஆனால் எனக்காக இன்னொருத்தர் உள்ளே இருக்க முடியாது. இருபத்தெட்டாம் தேதி காலை விமானம். இறங்கினதும் நானே போய்ச் சொல்லப் போகிறேன். தாடியை எடுக்கவில்லை. எடுத்தால் நம்ப மாட்டார்கள்.

நீ விமான நிலைய வாசலில் வந்து நில். அது போதும்.

தம்பி


செப்டம்பர் 10

என் தம்பிக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதும்படி ஆகிவிட்டது. வீட்டில் நலம். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, காதுக்கு மருந்து போட்டாயா, ஒன்றும் தெரியவில்லை.

பார்சல்காரரை விட்டுவிட்டார்கள் என்று பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரி வந்திருந்தது. பிடித்தபோது முதல் பக்கம். நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடுத்த வாரம் வேறு கேஸ், அதே ஏழாம் நம்பர். நான் வேலையை விட்டுவிட்டேன். தயாரிப்பாளர், "உங்க கை ராசியான கைம்மா, யோசிங்க" என்றார். பவுடர் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னை இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள் என்று நீ வந்திருக்கிற கல்லூரியிலிருந்துதான் தெரிந்தது. ஏன்டா என்னிடம் சொல்லவில்லை? விமான நிலையத்தில் தலைவலி என்றாய். கல்லூரி விடுதியில் அறை கொடுத்திருக்கிறார்கள் என்றாய். காபிகூடக் குடிக்காமல் டாக்சி ஏறினாய். களைப்பு என்று நினைத்தேன். இப்போது இரண்டு வாரமாகிறது. பின்னறையில் விரித்த படுக்கை அப்படியே இருக்கிறது. உன் அத்தான் விடுதிக்கு வந்தால் வெளியே போயிருக்கிறாய் என்கிறார்கள். உன்னைப் போலீஸில் மாட்டிவிட்டவள் என்று என்னை நினைக்கிறாயா? நான் என்ன தப்பு செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. திட்டு. அடி. வீட்டுக்கு வா.

அக்கா


செப்டம்பர் 19

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். காது மட்டும் விடாமல் வலிக்கிறது.

போலீஸில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். எங்கள் ஐந்து பேரை வரிசையாக நிறுத்தினார்கள். பார்சல்காரரும் இருந்தார். அந்தப் பெண்ணைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். நேராக என்னைத்தான் கை காட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை, என்னைப் பார்த்ததாக நிஜமாகவே நினைக்கிறாள். என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அவள் காட்டும் அடையாளம் செல்லாது என்று தெரிந்த பிறகுதான் கேஸைக் கைவிட்டார்கள். வெளியே வந்ததும் பார்சல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களையா நான்னு நினைச்சாங்க?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கும் ஒரு பொருத்தமும் தெரியவில்லை. அதோடு அந்தப் போலீஸ் விஷயமெல்லாம் என் மனசைவிட்டுப் போய்விட்டது.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்டுவிட்டாய்.

விமான நிலையத்தில் உன்னை நான்தான் முதலில் பார்த்தேன். கையைத் தூக்கினேன். நீ என்னை நேராகப் பார்த்தாய். பார்த்துவிட்டு வாண்டுவின் தோளைப் பிடித்து உன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாய்.

அப்புறம்தான் சிரித்தாய். அப்புறம்தான் ஓடிவந்து கட்டிக்கொண்டாய். உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. ஊரில் யார் அப்படிப் பார்த்தாலும் என்னால் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுத முடியும். நீ பார்த்ததற்கு என்னிடம் கட்டுரை இல்லை.

வாண்டுவை முத்தமிட்டதாகச் சொல்.

தம்பி


செப்டம்பர் 22

தம்பி,

ஞாபகம் இருக்கிறது.

இல்லை என்று எழுதி மூன்று தாள் கிழித்துப் போட்டேன். நீ வந்ததைப் பார்த்தேன். அவன் வருகிறான் என்று நினைத்தேன். என் மகளை இழுத்துக்கொண்டேன். நீ "அக்கா" என்று கூப்பிட்ட பிறகுதான் அது நீ. கட்டிக்கொண்டு நின்றபோதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, அது சந்தோஷம் என்று உன்னிடம் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. கண்ணை மூடினால் உன் முகம் எனக்கு வருவதில்லை. அவன்தான் வருகிறான். நீ சின்னப் பையனாக இருந்ததை நினைத்தால் அங்கேயும் உன் சின்னச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் நிற்கிறான். உன் குரல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, முகத்தை மட்டும் காணோம்.

வீட்டுக்கு வா. நான் கதவைத் திறந்ததும் பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன், நீ போய்விடாதே. உள்ளே வந்து வெளிச்சமாக இருக்கிற நாற்காலியில் உட்கார். பேச வேண்டாம், என்னை மன்னிக்கக்கூட வேண்டாம். நீ தெரிகிறவரை உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க விடு.

அக்கா